வேட்டை நாயின் வால் நுனிக் காயம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் வேட்டை நாய் ஸ்பேனியல் வகை. அதற்கு முழு வால், குட்டியில் சிலர் செய்வதுபோல் நறுக்கவில்லை. புதருக்குள் மோப்பம் பிடித்துவிட்டால் அந்த வால் ஒரு நொடி நிற்காது. முள்ளிலும் குச்சியிலும் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் வெளியே வந்தபோது விலாவின் இரண்டு பக்கமும் சிவப்புத் தீற்றல். விலாவில்தான் காயம் என்று முடியை விலக்கித் தேடினால் ஒன்றும் இல்லை. எல்லாம் வாலிலிருந்து தெறித்த ரத்தம். அப்புறம் காரின் உள்கூரை, கதவு, சுவர் என்று போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாக. நாயோ எதுவுமே நடக்காததுபோல் ஆட்டிக்கொண்டே இருந்தது!

வால் நுனியில் சதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. தோல், உடனே எலும்பு. ரத்த ஓட்டமும் குறைவு. மெதுவாகத்தான் ஆறும்; கட்டிய பொருக்கும் அடுத்த ஆட்டலில் உடைந்துவிடும். சாதாரணக் கட்டு அரை நாள்கூடத் தங்கவில்லை. மருத்துவர் போட்டது வேறு மாதிரி: புண்ணில் ஒட்டாத துணி, மெல்லிய பஞ்சு, அதற்கு மேல் காற்றுப் போக ஓட்டை போட்ட பெரிய சிரிஞ்சுக் குழாய், கடைசியில் வால் முடியையும் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்திரி. கடிக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. இறுக்கிச் சுற்றினால் ரத்தம் போகாமல் நுனியே கருத்துச் செத்துவிடும் என்று எச்சரித்தார். அடுத்த வேட்டைப் பருவத்தில் அதே இடம் மறுபடி கிழிந்தது. மயக்க மருந்து கொடுத்து நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. தையல் பிரிக்கும்வரை அதை ஆட்டாமல் வைத்திருக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

* * *

நான் வைத்திருப்பது பாயின்டர், அதுவும் வேட்டை நாய்தான். குட்டியிலேயே நறுக்கியது. இதுவரை வாலில் கீறல்கூட இல்லை. ஆனாலும் “அந்த வயதில் வலி தெரியாது” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூன்று நாள் குட்டிகளுக்கு நறுக்கியபோது பக்கத்தில் நின்றவன் நான். கத்தாத குட்டி ஒன்றுகூட இல்லை.

ஸ்காட்லாந்தில் 2007-ல் வால் நறுக்குவதை மொத்தமாகத் தடை செய்தார்கள். பிறகு 2010–11 வேட்டைப் பருவத்தைப் பற்றி நாய்க்காரர்களிடம் கேட்டுத் திரட்டிய ஆய்வில், நறுக்காத ஸ்பேனியல்களில் 56.6 சதவீதத்துக்கு அந்த ஒரே பருவத்தில் வாலில் அடி. 2017-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள்: வேலைக்குப் போகும் ஸ்பேனியலுக்கும், ஜெர்மன் பாயின்டர் போன்ற ‘ஹன்ட் பாயின்ட் ரிட்ரீவர்’ (இரையைத் தேடி, நின்று காட்டி, எடுத்தும் வரும்) வகைகளுக்கும் மட்டும், பிறந்து 5 நாளுக்குள், மருத்துவர் கையால், நுனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்.

இதை வைத்து எல்லா நாய்க்கும் நறுக்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. பிரிட்டனில் எல்லா வகை நாய்களையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, ஒரு வால் காயத்தைத் தடுக்கச் சுமார் 500 நாய்களுக்கு நறுக்க வேண்டியிருக்கும் என்றது. சோபாவில் படுத்துக் கிடக்கும் ஸ்பேனியலுக்கு எதற்கு அது? முள்ளில் வேலை செய்யப்போகிற குட்டி என்றால் நுனியை மட்டும் எடுப்பதை ஒப்புக்கொள்வேன். அடியோடு வெட்டி மொட்டையாக்குவது வெறும் அழகுக்காக, அதில் எனக்கு உடன்பாடில்லை. சரி, கத்தியைத் தூக்கச் சொல்கிறவர்கள் குட்டி எங்கே போகப்போகிறது என்றாவது முதலில் கேட்கட்டும்.

* * *

லாப்ரடார்காரன் பேசுகிறேன். எங்களுக்கு நறுக்கும் பேச்சே இல்லை, தடித்த வால். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க நீந்திய மறுநாள் வால் நனைந்த கயிறாகத் தொங்கியது. வால் தொடங்கும் இடத்தில் தொட்டால் முனகியது. எலும்பு முறிந்துவிட்டது என்றே பயந்தோம். மருத்துவர் பார்த்துவிட்டு, வால் தசை பிடித்துக்கொண்டதுதான், முறிவு இல்லை என்றார். ஓய்வு, நாய்களுக்கான வலி மாத்திரை, சில நாளில் சரியாகிவிட்டது. மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் யாரும் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம்.