அம்மான்ரை போனில ஆள் மாறிப் பேர் காட்டுது, விளங்கின ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

நீர்வேலியாள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா பாவிக்கிறது சின்ன பட்டன் போன், இவ்வளவு காலமும் ஒரு பிரச்சினையும் தரேல்லை. கோப்பாயில இருக்கிற பெரியம்மா வீட்டு லான்ட்லைன், 021ல தொடங்கிறது, அதில "அக்கா" எண்டு சேவ் பண்ணிக் கிடக்கு. போன கிழமை விடிய நாலரைக்கு போன் அடிக்குது, பாத்தா "அக்கா" எண்டு காட்டுது. பெரியம்மா இருதய வருத்தக்காரி, அந்த நேரத்தில அந்தப் பேரைக் கண்ட உடன அம்மாவுக்கு கை கால் ஓடேல்லை, போனை என்ரை கையில தந்து நீ கதை நீ கதை எண்டு அழத் தொடங்கீட்டா. நான் எடுத்தா அங்கால பெரியம்மான்ரை மகன், எங்கட அண்ணை. அவர் தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்தப் போனவர், வவுனியா தாண்டி லொறியை நிப்பாட்டிப்போட்டு, கடைத் திறப்பை எங்கட வீட்டில விட்டிட்டனோ எண்டு கேக்கத்தான் எடுத்தவராம். வவுனியாவுக்கு அங்கால நிக்கிற மனிசன்ரை கோல் கோப்பாய் வீட்டு நம்பரா எப்பிடி வரும்? பேந்தும் இரண்டு தரம் இப்பிடித்தான். ஆரும் சிம்மை ஹக் பண்ணிப்போட்டாங்களோ எண்டு பயமாக் கிடக்கு.

மானிப்பாய்_24:
உது நெற்வேர்க் குழப்பமா இருக்கும். சிம்மைக் கழட்டி ஒருக்காத் துடைச்சுப் போட்டுப் பாருங்கோ.

நீர்வேலியாள்:
கழட்டிப் போட்டன் தம்பி, வேற சிம்மும் போட்டுப் பாத்தன். அதே பேர்தான் வருகுது.

சுன்னாகம்_போன்கடை:
அக்கா பயப்பிடாதேங்கோ, சிம்மில ஒண்டும் இல்லை. ஒரு கேள்வி, அண்ணை கிட்டடியில புது நம்பர் எடுத்தவரோ? எடுத்திருந்தா அந்த நம்பரின்ரை கடைசி 7 இலக்கத்தையும் பெரியம்மா வீட்டு நம்பரின்ரை கடைசி 7 இலக்கத்தையும் ஒரு பேப்பரில கீழையும் மேலையும் எழுதிப் பாருங்கோ. நம்பரை இஞ்ச போடாதேங்கோ, எல்லாரும் பாக்கிற இடம்.

நீர்வேலியாள்:
கலண்டர் தாளுக்குப் பின்பக்கத்தில எழுதிப் பாத்தன், ஏழும் ஒண்டுதான்! முன்னுக்கு மட்டும் அது 021, இது 076. இரண்டு மாசத்துக்கு முந்தி எடுத்த சிம்மாம், வீட்டு நம்பர் மாதிரியே இருந்தா கடைக்கு வாற ஆக்களுக்கு ஞாபகம் நிக்கும் எண்டு தேடிப் பிடிச்சு எடுத்தவராம்.

சுன்னாகம்_போன்கடை:
அப்ப அதுதான் விசயம். பழைய பட்டன் போனுகள் கனக்க, வாற நம்பரைக் கொன்ராக்ற்றில இருக்கிறதோட ஒப்பிடேக்க முழு நம்பரையும் பாக்கிறேல்லை, வலப்பக்கத்தில இருந்து ஏழு இலக்கம் பொருந்தினாக் காணும், பேரைக் காட்டிப்போடும். அப்பிடிச் செய்து வைச்சதுக்கும் காரணம் இருக்கு. பெரியம்மா வீட்டில இருந்து கோல் வரேக்க 021 எண்டும் வரலாம், +9421 எண்டும் வரலாம், நீங்கள் பழைய பழக்கத்தில கோட் இல்லாமல் வெறும் ஏழு இலக்கமாயும் சேவ் பண்ணியிருக்கலாம், இந்த மூண்டும் ஒரே வீடுதான் எண்டு போனுக்குத் தெரிய வேணுமெல்லோ. அதுக்காகத்தான் வால் பக்கத்தில இருந்து பாக்கிறது. ஆனா எங்கட நாட்டில எந்த நம்பரை எடுத்தாலும் முன்னுக்கு மூண்டு, பின்னுக்கு ஏழு. யாழ்ப்பாணம் 021, கொழும்பு 011, டயலொக் 077, 076, மொபிற்றல் 071, ஹட்ச் 078. ஆளை வேற வேறயாப் பிரிக்கிற அந்த மூண்டையும் போன் பாக்காமல் விட்டா அண்ணையும் வீடும் ஒண்டுதானே.

இதை மாத்த பட்டன் போனில ஒரு செற்றிங்கும் நான் கண்டதில்லை. +94 போட்டு சேவ் பண்ணினாலும் அந்தப் போனில மாறாது, அது முன்னுக்குப் பாக்கவே பாக்காது. அண்ணையின்ரை 076 நம்பரையும் வேற பேரில சேவ் பண்ணிப் பாருங்கோ, இரண்டு பேருக்குப் பொருந்தினா சில போன் பேரை விட்டிட்டு நம்பரை மட்டும் காட்டும், சிலது முதல் கண்ட பேரையே காட்டும். உங்கட எந்த ரகம் எண்டு போட்டுத்தான் பாக்க வேணும். ரச் போன் எண்டா பெரும்பாலும் முன்னுக்கு இருக்கிறதையும் சேத்துப் பாக்கும்.

வல்வை_சின்னவன்:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும் அண்ணை. என்னட்டை ரச் போன்தான். லண்டனில இருக்கிற தங்கச்சி 07ல தொடங்கிற நம்பர் தந்தவள், அப்பிடியே சேவ் பண்ணினன், வட்ஸ்அப்பில ஆளைக் காணேல்லை, கோலும் போகுதில்லை. நான் பிழையா எழுதீட்டனோ எண்டு மூண்டு தரம் கேட்டுப்போட்டன், அவளுக்குக் கோவம் வந்திட்டுது.

சுன்னாகம்_போன்கடை:
பிழையா எழுதேல்லை தம்பி, எண்ணிப் பாரும், 11 இலக்கம் இருக்கும். எங்கடது 10. லண்டன் மொபைலும் 07ல தொடங்கிறதால பாக்க எங்கட நம்பர் மாதிரியே கிடக்கும், கனபேர் இதில மாட்டுப்படுகினம். நாட்டுக் கோட் இல்லாட்டி வட்ஸ்அப் அதை இலங்கை நம்பர் எண்டுதான் எடுக்கும். முன்னுக்கு இருக்கிற 0ஐ எடுத்துப்போட்டு +44 போடும், +447 எண்டு வரவேணும். கனடா எண்டா +1 போட்டு அந்தப் பத்து இலக்கம், அங்க எடுக்கிறதுக்கு 0 இல்லை. இத்தாலி லான்ட்லைனில மட்டும் 0ஐ எடுக்கக் கூடாது, +39க்குப் பின்னால அது நிக்க வேணும். எங்கட நம்பரை வெளிநாட்டுக்குக் குடுக்கேக்கயும் +94 077 எண்டு குடுக்காதேங்கோ, +94 77. கடைக்கு வாற கொப்பியளில பாதி அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.

மல்லாகம்_ரீச்சர்:
ஒரு விசயம் நானும் சொல்லுறன். போனில பேர் விழுந்திட்டுது எண்டு உடன நம்பாதேங்கோ. இஞ்ச நடந்தது தற்செயல், ஆனா வேற ஆளின்ரை நம்பர் விழுற மாதிரி வேணுமெண்டே கோல் எடுக்கவும் ஏலும். காசு போடச் சொன்னா, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லச் சொன்னா, கட் பண்ணிப்போட்டு நீங்களே திருப்பி எடுங்கோ. வயசான ஆக்களுக்கு இதை இருத்தி வைச்சுச் சொல்லிக் குடுக்கோணும்.

வல்வை_சின்னவன்:
+44 போட்டன், உடன வட்ஸ்அப்பில தங்கச்சியின்ரை படம் வந்திட்டுது. நன்றி அண்ணை!

நீர்வேலியாள்:
அண்ணையையும் சேவ் பண்ணினன், எங்கட போனில இப்ப இரண்டு பேருக்கும் பேர் வருகுதில்லை, நம்பர் மட்டும்தான் வருகுது. அது போதும். முன்னுக்கு 021 எண்டா அக்கா வீடு, 076 எண்டா பெடியன் எண்டு பெரிய எழுத்தில எழுதி போன் கவருக்க வைச்சு விட்டன். இண்டைக்கு விடியவும் அண்ணை எடுத்தவர், அம்மா கண்ணாடியைப் போட்டு முதல் மூண்டு இலக்கத்தையும் வாய்விட்டு வாசிச்சுப்போட்டு தானே எடுத்து, தம்புள்ளையில தக்காளி என்ன விலை போகுதெண்டு கேட்டவ.