பேனல் 4: குண்டு ஆலைப் பெண்களும் ஓட்டும்

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் கண்காட்சிக்கு பேனல் 4 ரெடி. நாளைக்குக் காலையில பிளக்ஸ் கடைக்கு அனுப்பணும். முதல் வரி இது: "முதல் உலகப் போரில் குண்டு ஆலைகளில் உழைத்ததற்குப் பரிசாக பிரிட்டன் பெண்களுக்கு 1918-இல் வாக்குரிமை வழங்கப்பட்டது." தப்பு இருந்தா சொல்லுங்க.

மல்லிகா அத்தை: யாழி, இதை இப்படியே அனுப்பாதே. குண்டு நிரப்பின பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 1918-ல ஓட்டே கிடைக்கல.

யாழினி: என்ன அத்தை சொல்றீங்க? எங்க பார்த்தாலும் அப்படித்தானே போட்டிருக்கு!

மல்லிகா அத்தை: 1918 பிப்ரவரி 6-ல வந்த சட்டத்தை எடுத்துப் பாரு. ஆணுக்கு 21 வயசு. போர்ப் பணியில இருந்தவன்னா 19 போதும். பொண்ணுக்கு 30. ஆலையில இருந்தவங்க பெரும்பாலும் இருபதை ஒட்டின வயசு. நஞ்சுப் பொடியில கை வெச்சவளுக்கு ஓட்டு இல்லை, வீட்டுல இருந்த அவ அம்மாவுக்கு உண்டு.

செந்தில் மாமா: 30 ஆனாலும் போதாது. உள்ளாட்சி வாக்காளர் பட்டியல்ல அவ பேரோ புருஷன் பேரோ வர்ற தகுதி இருக்கணும். அதாவது குடியிருக்க ஒரு வீடு, இல்லேன்னா வருஷ மதிப்பு 5 பவுண்டுக்குக் குறையாத நிலமோ கட்டடமோ கைவசம் இருக்கணும். பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகத் தொகுதி தனி. இதுல யார் விட்டுப்போறாங்கன்னு பாரு: முதலாளி வீட்டுலயே தங்கி வேலை செய்ற பணிப்பெண், அப்பா வீட்டுல இருக்கிற கல்யாணமாகாத பொண்ணு, ஆலை ஹாஸ்டல்ல கட்டில் மட்டும் இருக்கிறவ. 35 வயசானாலும் இவங்க பேர் பட்டியல்ல ஏறாது.

யாழினி: 30-ன்னு எதுக்கு வெச்சாங்க மாமா?

செந்தில் மாமா: கணக்குதான்மா. ஆண்களைவிட பெண்கள் எண்ணிக்கை அதிகம், போர்ல இன்னும் அதிகமாச்சு. 21-ன்னு வெச்சா வாக்காளர்ல பெண்கள்தான் பெரும்பான்மை. அதைத் தடுக்கத்தான் 30. அப்படி வெச்சும் சுமார் 85 லட்சம் பெண்கள் பட்டியல்ல வந்தாங்க, மொத்தத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம்.

சண்முகம் பெரியப்பா: வேலை செஞ்சதுக்குப் பரிசுன்னா பிரான்சை என்ன சொல்றது? அங்கேயும் லட்சக்கணக்கான பொண்ணுங்க ஷெல் (பீரங்கிக் குண்டு) ஆலையில நின்னாங்க. அவங்களுக்கு ஓட்டு 1944-லதான் கிடைச்சுது. 1922-ல செனட் சபை மசோதாவைத் தள்ளிடுச்சு.

மல்லிகா அத்தை: அதேதான் அண்ணா. வேலை மட்டும் காரணம்னா ரெண்டு நாட்டுலயும் ஒரே நேரத்துல வந்திருக்கணும்.

யாழினி: அப்போ பிரிட்டன்ல மட்டும் 1918-ல ஏன்?

மல்லிகா அத்தை: பட்டியல் பிரச்சினை. பழைய சட்டப்படி ஒரே இடத்துல 12 மாசம் குடியிருந்தாதான் பேர் ஏறும். பிரான்ஸ் பதுங்குகுழியில கிடக்கிற சிப்பாய்க்கு அந்தத் தகுதி போயிடுச்சு. அவனுக்கு ஓட்டில்லாம தேர்தல் நடத்த முடியாது, சட்டத்தைத் திருத்தியே ஆகணும். அதுக்காக 1916 அக்டோபர்ல சபாநாயகர் தலைமையில எல்லாக் கட்சிக் கூட்டம் உட்கார்ந்துச்சு. அப்படிக் கதவு திறந்த நேரத்துல, பெண்கள் ஓட்டுக்காகப் போராடின மில்லிசென்ட் ஃபாசெட்டோட சங்கம் வாசல்லயே நின்னுச்சு. சிப்பாய்க்காகப் பட்டியலைத் திருத்தினா பொண்ணுங்களையும் சேர்த்துத் திருத்துன்னாங்க. 1917 ஜூன் 19-ல பிரிட்டன் நாடாளுமன்றத்தோட கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில பெண்கள் பிரிவு 385-க்கு 55-ன்னு நிறைவேறிச்சு.

மல்லிகா அத்தை: இன்னொண்ணு. போருக்கு முன்னாடியே காமன்ஸ்ல ஆதரவு இருந்துச்சு. 1911-ல ஒரு மசோதா இரண்டாம் வாசிப்புல 255-க்கு 88-ன்னு ஜெயிச்சுது. அடுத்த வருஷம் அதே மாதிரி ஒண்ணு வெறும் 14 ஓட்டுல தோத்துச்சு. ஐம்பது வருஷமா மனு, ஊர்வலம், சிறை, உண்ணாவிரதம்னு போராடினதை பேனல்ல ஒரு வரியாவது சொல்லணும். போரை மட்டும் சொன்னா அவ்வளவு பேர் உழைப்பும் அழிஞ்சு போகும்.

யாழினி: அப்போ ஆலை வேலையைப் பத்தியே போட வேண்டாமா?

மல்லிகா அத்தை: கண்டிப்பா போடணும். எதிர்த்தவங்க வாதம் ஒண்ணை அது உடைச்சுது. நாட்டைக் காக்கிறவனுக்குத்தான் ஓட்டு, பொண்ணு காக்க மாட்டா இல்லையான்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஷெல் இல்லாம 1915 மே மாசம் அரசாங்கமே ஆடிப்போச்சு. அதுக்கப்புறம் ஷெல் செஞ்சு கொடுத்ததுல பொண்ணுங்க பங்கு பெருசு, அந்த வாதத்தைச் சொல்றது கஷ்டமாச்சு.

சண்முகம் பெரியப்பா: ஆலையைப் பத்தி நீ என்ன எழுதியிருக்கே, போடு.

யாழினி: "பெண்கள் ஆபத்தான சூழலில் குண்டுகள் தயாரித்தனர். அவர்களின் தோல் மஞ்சளானதால் கேனரி (மஞ்சள் நிறப் பறவை) பெண்கள் எனப்பட்டனர்." அவ்வளவுதான் பெரியப்பா.

சண்முகம் பெரியப்பா: என்ன ஆபத்துன்னு சொல்லாம ஆபத்துன்னு போட்டா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் நிக்காது. நாலு விஷயம் சொல்றேன், எடுத்துக்கோ.

சண்முகம் பெரியப்பா: குண்டு நிரப்பும் கட்டடத்துக்குள்ள தரையில குறுக்கே ஒரு தடுப்புப் பலகை. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். சொந்தச் செருப்பை இந்தப் பக்கம் கழட்டி, பலகைமேல உட்கார்ந்து காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஆணி இல்லாத ஆலைச் செருப்பை மாட்டணும். வெளி மண்ணுல ஒரு துகள் உள்ளே போகக் கூடாது. மண்ணுத் துகள் பொடியில உராய்ஞ்சாலே போதும்.

சண்முகம் பெரியப்பா: உள்ளே போகும்போது சோதனை. கொண்டை ஊசி, மோதிரம், தீப்பெட்டி, சிகரெட், இரும்புக் கம்பி வெச்ச கார்செட் (இடுப்பை இறுக்குற உள்ளாடை), உலோகப் பொத்தான் எதுவும் கூடாது. தீப்பெட்டி வெச்சிருந்தா அபராதம், சிறைன்னு வழக்கே போட்டாங்க.

சண்முகம் பெரியப்பா: பொடியை ஷெல்லுக்குள்ள கொட்டி, மரக்கோலை வெச்சு மரச்சுத்தியலால தட்டித் தட்டி இறுக்கணும். ஏன் மரம்னு சொல்லத் தேவையில்லை. எவ்வளவு இறுக்கணும்கிறதுதான் கைத்திறன். உள்ளே காலியிடம் விட்டுப்போச்சுன்னா, பீரங்கி சுடும்போது ஷெல் முன்னால பாயுற வேகத்துல உள்ளே இருக்கிற மருந்து பின்னால அமுங்கி, குழாய்க்குள்ளேயே வெடிச்சிடும். சுடுறவன் கதை முடிஞ்சுது. உருக்கி ஊத்துற முறையிலயும் இதே தொல்லை. டி.என்.டி.ங்கிற வெடிமருந்து ஆறும்போது சுருங்கும், நடுவுல குழி விழும். அதைப் பார்த்து மறுபடி நிரப்பணும்.

யாழினி: இது எதுவுமே நான் படிச்சதுல இல்லை. படம் வரைஞ்சு போடலாமா?

சண்முகம் பெரியப்பா: தடுப்புப் பலகையை வரை, நல்லா புரியும்.

கவிதா அக்கா: டியூட்டி முடிஞ்சு இப்பதான் பார்த்தேன். யாழி, மஞ்சள் விஷயத்துல ரெண்டு இருக்கு, குழப்பிடாதே. டி.என்.டி. பட்டா கை, முகம், தொப்பிக்கு வெளியே நீட்டின முடி எல்லாம் மஞ்சள், ஆரஞ்சு நிறமாகும். அது வெறும் சாயம். வேலையை விட்டா கொஞ்ச நாள்ல போயிடும். மஞ்சள் காமாலை வேற. அது கல்லீரல் கெட்டுப்போறதால வர்றது. கண்ணோட வெள்ளைப் பகுதியைப் பார்த்தாதான் ரெண்டையும் பிரிக்க முடியும்.

கவிதா அக்கா: மூச்சு வழியாத்தான் போகுதுன்னு முதல்ல நினைச்சாங்க. தோல் வழியாவும் உள்ளே போகுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வியர்வை இருந்தா இன்னும் சீக்கிரம். பசியின்மை, வாந்தி, தூக்கக் கலக்கம், உதடு நீலம் பூக்கிறது இதெல்லாம் முன் அறிகுறி. சிலருக்கு ஆலையை விட்டு நின்ன பிறகு, வாரக்கணக்குல கழிச்சுக்கூட காமாலை வந்துச்சு. ரத்தம் ஊறுறதே நின்னு போனவங்களும் உண்டு. 1916-ல மட்டும் டி.என்.டி. காமாலையில 52 பேர் செத்தாங்க. 1918-ல 10.

யாழினி: எப்படி குறைஞ்சுது அக்கா?

கவிதா அக்கா: முதல்ல இந்தக் காமாலையைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு ஆக்கினாங்க. எண்ணினாதான் தெரியும் இல்லையா. வாரா வாரம் டாக்டர் பரிசோதனை. ரெண்டு வாரம் டி.என்.டி., அடுத்த ரெண்டு வாரம் வேற இடம்னு ஆளை மாத்தினாங்க. உடை மாத்துற அறை, கை கழுவ வசதி, காத்து இழுக்கிற விசிறி, கையால தொடாத மாதிரி இயந்திரம். பாலும் கொடுத்தாங்க. "பால் விஷத்தை முறிக்கும்"னு எழுதிடாதே, அது முறிக்காது. வெறும் வயித்துல வேலைக்கு நிக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் அது.

மல்லிகா அத்தை: லீட்ஸ் பக்கத்துல பார்ன்போ ஆலை, அங்கே சொந்தமா மாட்டுப் பண்ணையே இருந்துச்சு. 1916 டிசம்பர் 5 ராத்திரி ஷிஃப்ட்ல, நிரப்பின ஷெல்லுக்கு ஃப்யூஸ் (வெடிக்க வைக்கிற பாகம்) மாட்டி முறுக்குற அறையில வெடிச்சு 35 பெண்கள் போயிட்டாங்க. தணிக்கை காரணமா பேப்பர்ல விவரம் வரல. யாழி, அந்த 35-ஐ பேனல்ல பெரிய எழுத்துல போடு. ராணுவத்துல செத்திருந்தா ஊர் நடுவுல கல்வெட்டு வந்திருக்கும்.

செந்தில் மாமா: சில்வெல் ஆலையையும் சேரு. 1918 ஜூலை 1, 134 பேர்.

யாழினி: ரெண்டும் எழுதிட்டேன். சம்பளம் பத்தி மாமா? "ஆண்களுக்கு இணையான சம்பளம் பெற்றனர்"னு ஒரு வரி இருக்கு.

செந்தில் மாமா: வெட்டு. 1915 அக்டோபர்ல வெடிமருந்து அமைச்சகம் அனுப்பின சுற்றறிக்கைப்படி ஆண் வேலை செய்ற பொண்ணுக்கு வாரம் 1 பவுண்டு. அதுவும் எல்லா இடத்துலயும் கிடைக்கல. பீஸ் ரேட்ல (செஞ்ச எண்ணிக்கைக்குக் கூலி) மட்டும் ஆணுக்குள்ள ரேட். முதலாளிங்க என்ன செஞ்சாங்கன்னா, ஒரு கடைசல்காரன் வேலையை நாலு துண்டா உடைச்சு, மெஷினை செட் பண்ண ஒரு ஆளைப் போட்டு, "நீ முழு வேலையும் செய்யலையே"ன்னு கூலியைக் குறைச்சாங்க. நடுவுல வேற ஆலைக்கும் ஓட முடியாது. பழைய முதலாளி வேலையை விட்டுப் போகலாம்னு சான்று தரலேன்னா ஆறு வாரம் யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. 1917-லதான் அதை எடுத்தாங்க.

செந்தில் மாமா: ஜெயிச்ச கதையும் ஒண்ணு இருக்கு. 1918 ஆகஸ்ட்ல லண்டன் பஸ் கம்பெனி ஆண்களுக்கு வாரம் 5 ஷில்லிங் போர்ப்படி கொடுத்துட்டு பெண் கண்டக்டர்களுக்கு இல்லைன்னுச்சு. வில்லெஸ்டன் டெப்போவுல பொண்ணுங்க வண்டியை நிறுத்தினாங்க. டிராம், வேற ஊர்னு பரவி 5 ஷில்லிங் வாங்கிட்டாங்க. இவங்கள்ல எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்கும்னு யோசி.

யாழினி: சூப்பர் மாமா, இது தனிப் பெட்டியில போகுது. கடைசியா, நம்ம ஊர் தொடர்பு ஏதாவது கேட்டிருக்காங்க. வலிஞ்சு ஒட்டின மாதிரி இருக்கக் கூடாது.

மல்லிகா அத்தை: வலிஞ்சு ஒட்ட வேண்டாம், ரெண்டு கதையிலயும் ஒரே ஆள் இருக்கார். எட்வின் மாண்டேகு. 1916-ல வெடிமருந்துத் துறை அமைச்சர். ஆலைப் பெண்கள் இல்லேன்னா ராணுவம் இல்லைன்னும், இனி அவங்களுக்கு உரிமையை யார் மறுக்க முடியும்னும் பேசினவர். மறு வருஷம் இந்தியாவுக்கான அமைச்சரா 1917 டிசம்பர்ல சென்னைக்கு வந்தார். அடையாறுல தொடங்கின இந்திய மாதர் சங்கம் சேர்த்த குழு சரோஜினி நாயுடு தலைமையில அவரைப் பார்த்து ஓட்டு கேட்டுச்சு. சங்கத்தோட மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துல ஓட்டுக்காகச் சிறை போனவங்க.

யாழினி: கொடுத்தாரா?

மல்லிகா அத்தை: இல்லை. 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சபைகள் கையில விட்டுச்சு. சென்னைச் சபை 1921-ல தீர்மானம் போட்டுச்சு, மாகாணங்கள்ல முதல்ல. சொத்துத் தகுதி அங்கேயும் இருந்ததால பட்டியல்ல ஏறின பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதையும் எழுது.

யாழினி: முதல் வரி மாத்தினது பாருங்க: "1918-இல் 30 வயது நிறைந்த பிரிட்டன் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. குண்டு ஆலைகளில் உழைத்த இளம்பெண்கள் 1928 வரை காத்திருந்தனர்."

செந்தில் மாமா: "30 வயது நிறைந்த, வீட்டுத் தகுதி உள்ள"ன்னு போடு. 1918-ல ஆலையில 20 வயசா இருந்தவ 1928-ல 30 ஆகிட்டா. "1928 வரை"க்குப் பக்கத்துல ஜூலை 2, 21 வயசுச் சமத்துவச் சட்டம்னும் சேரு. இல்லேன்னா வயசு ஏறினதால தானா கிடைச்சதுன்னு நினைப்பாங்க.

யாழினி: சேர்த்துட்டேன். எழுத்து அளவு குறையுது, பேனலை நாலுக்கு ஆறு அடின்னு மாத்தச் சொல்றேன்.

சண்முகம் பெரியப்பா: தடுப்புப் பலகைப் படத்தைக் கண் மட்டத்துல வை. அனுப்புறதுக்கு முன்னாடி இங்கே ஒரு தடவை போடு.