முறைத்தண்ணி முதல் பத்து நிமிஷம் கலங்கி வருது, ஓடையும் நிரம்புது: வார்டு கூட்டத்துல எதைக் கேட்கணும்?

பழையாத்துக்கரை:
குமரி மாவட்டத்துல ஒரு நகராட்சி வார்டு. வார்டு குழுவுல என்னையும் உறுப்பினரா போட்டிருக்காங்க. அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு விஷயம் கொண்டு போகணும்.

ஒண்ணு, குடிதண்ணி. நாலு நாளைக்கு ஒருக்க முறை. திறந்து விட்ட முதல் பத்து நிமிஷம் செம்மண் கலரு, லேசா ஓடை நாத்தம். அப்புறம் தெளிஞ்சிரும். மழை வாரத்துல இன்னும் மோசம். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டா 'குடிக்க உகந்தது'ன்னு ஒரு தாளைக் காட்டுதாங்க.

ரெண்டு, மழைநீர் ஓடை. மூணடி அகலம், ரெண்டடி ஆழம், அதுல பாதிக்கு மண்ணு கெடக்கு. முக்கால் மணி நேர மழைக்கே ரோட்டுல ஏறுது. தூர் வாரியாச்சுன்னு கணக்குல இருக்காம்.

வெறும் புகாரா இல்லாம அளவோட பேசணும். எதை அளக்க, எந்த ரிஜிஸ்டரைக் கேட்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வால்வுசாவி:
இது ரெண்டு விஷயம் இல்ல அண்ணாச்சி, ஒண்ணுதான். தூர் வாராத ஓடைதான் உங்க குழாய்க்குள்ள வருது.

நம்ம ஊர்ல மெயின் லைன் ரோட்டுக்கு ஒரு பக்கம், வீடு மறுபக்கம், நடுவுல ஓடை. அரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய் ஓடைச் சுவரைத் துளைச்சு, தண்ணிக்குள்ளயே குறுக்கே போகும். கழிவுல கெடந்த ஜி.ஐ. முதல்ல துருப்பிடிச்சுப் பொத்தலாகுறது அடிப்பக்கத்துல. மேலே நின்னு பாத்தா நல்லாத்தான் தெரியும். தண்ணி ஓடுற நேரம் அந்தப் பொத்தல் வழியா வெளிய ஒழுகும். முறை முடிஞ்சு லைன் காலியானதும் உள்ளே அழுத்தம் போயிடும், ஓடைத் தண்ணி அதே பொத்தல் வழியா உள்ளே வரும். அடுத்த முறைக்கு முதல்ல வெளிய தள்ளுறது அதைத்தான்.

இதைக் கூட்டுற காரணம் இன்னும் ரெண்டு உண்டு. லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுற வீடு. அது இழுக்குற இழுப்புல பக்கத்து வீட்டுப் பொத்தலும் சேர்ந்து உறிஞ்சும். அடுத்தது ஏர் வால்வு (லைனுக்குள்ள காத்து போய் வர வைக்கிற வால்வு) தொட்டி. இதை யாரும் மூடியைத் தூக்கிப் பாக்கறதே இல்ல. மழைத்தண்ணி நிறைஞ்சு வால்வு முங்கிக் கிடந்தா, லைன் வடியும்போது காத்துக்குப் பதிலா அந்தத் தண்ணியைத்தான் இழுக்கும். மழை விட்ட மறுநாள் உங்க வார்டுல உள்ள ஏர் வால்வு, ஸ்கவர் வால்வு (லைனை வடிக்கிற வால்வு) தொட்டி எல்லாத்தையும் திறந்து பாத்து, எதுல தண்ணி நிக்குன்னு வரைபடத்துல குறிச்சுக்கிடுங்க. கூட்டத்துக்கு அதுவே பாதி வேலை.

சரி பண்றதுக்கு: ஓடையைக் கடக்குற இடத்துல மட்டும் ஜி.ஐ.யை வெட்டி எடுத்துட்டு நீல நிற எம்.டி.பி.ஈ. (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய், ஓடை விளிம்புக்கு மேலே, ஸ்லாபுக்கு அடியில, மேலுறைக் குழாய்க்குள்ள. ஓடைக்குள்ள ஜாயின்ட் ஒண்ணு கூட வரக்கூடாது. பழைய இணைப்பை மெயின்ல ஃபெரூலோடயே (வீட்டு இணைப்பு மெயின்ல இருந்து பிரியுற மூட்டு) அடைக்கணும், இல்லேன்னா துண்டிச்ச குழாயே பொத்தலா இருக்கும். புதுசா மெயின் போடுறப்ப கழிவுநீர்க் குழாய்ல இருந்து பக்கவாட்டுல 3 மீட்டர், மேல்மட்டமா அரை மீட்டர் தள்ளிப் போகணும்ங்கறது குடிநீர்ப் பொறியியல் கையேட்டு விதி. குறுகின தெருவுல 3 மீட்டர் நடக்காது. அங்க மேல்மட்டத்தையாவது விடாதீங்க.

நீர்ச்சோதனை:
மேலே சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் கலங்கலுக்கெல்லாம் ஓடைதான் காரணம் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். அணையிலிருந்தே கலங்கி வந்தால் ஊர் முழுக்க, முறை முடியும் வரை கலங்கலாகவே வரும். நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணையின் முழு மட்டமே 25 அடிதான். அப்படிப்பட்ட சிறிய அணையில் மட்டம் இறங்கும்போதும், முதல் மழை வெள்ளம் உள்ளே வரும்போதும் வண்டல் கிளம்பும். பழைய இரும்புக் குழாயின் துரு என்றால் சிவப்பாக அடியில் படியும், நாற்றம் இருக்காது. குறிப்பிட்ட தெருவில் மட்டும், முதல் பத்து நிமிடம் மட்டும், நாற்றத்தோடு என்றால் ஓடையைச் சந்தேகிக்கலாம்.

அந்த 'உகந்தது' தாளில் மாதிரி எடுத்த இடம், தேதி, நேரம் மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் நீரேற்று நிலையத்திலோ மேல்நிலைத் தொட்டியடியிலோ எடுத்ததாக இருக்கும். தொட்டியில் நல்ல தண்ணீர் இருப்பது உண்மைதான். கெடுவது அதற்குப் பிறகு.

முதலில் எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொன்றது போகத் தண்ணீரில் மிச்சம் நிற்பது) அளவைத் தொடர்ச்சியாக எடுங்கள். தொட்டி அடி, தெரு முனை, கடைசி வீடு, ஒரே முறையில். டி.பி.டி. (குளோரின் இருந்தால் நிறம் மாறும் வேதிப்பொருள்) மாத்திரை போட்டு, 10 மில்லி நீரில் வரும் இளஞ்சிவப்பை உடனே வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். தள்ளிப் போட்டால் அளவு கூடக் காட்டும். இந்தியத் தர நிர்ணயம் 10500 சொல்வது கடைசிக் குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். தொட்டியடியில் 0.8, தெரு முனையில் 0.6, கடைசி வீட்டில் பூஜ்யம் என்று வந்தால் இடையில் ஏதோ குளோரினைத் தின்றிருக்கிறது. துருவும் தின்னும் என்பதால் இது மட்டும் சாட்சியாகாது. அந்த இடத்தில்தான் பாக்டீரியா சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டி.பி.டி. நிறம் வெளுத்துப் பூஜ்யம் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத நீரை ஐந்து மடங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

பாக்டீரியா மாதிரிக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டிதான் வேண்டும். அதற்குள் தயோசல்பேட் என்ற உப்பு இருக்கும், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். அது எஞ்சிய குளோரினை அப்போதே முறிக்கிறது. இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, தாளில் 'இல்லை' என்று வரும். புட்டியைக் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சேருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்த மாதிரி வீண். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு எடுப்பதுதான் முறை. உங்கள் பிரச்சினையோ அந்த முதல் நிமிடங்களில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு புட்டி: 'திறந்த உடன்' ஒன்று, 'மூன்று நிமிடம் கழித்து' ஒன்று, சீட்டில் அப்படியே எழுதி. 100 மில்லியில் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. கலங்கல் 1 அலகுக்குள் (என்.டி.யு.) இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லை என்றால் 5 வரை.

எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் உண்டு. 1 லட்சம் பேர் வரை 5,000 பேருக்கு மாதம் ஒன்று. அதற்கு மேல் 5 லட்சம் பேர் வரை, மொத்த மக்கள் தொகையில் 10,000 பேருக்கு ஒன்று, அதோடு கூடுதலாக 10. 2011 கணக்கெடுப்பின் 2,24,849 பேரை வைத்தால் நாகர்கோவிலுக்கு மாதம் 32 வரும். உங்கள் ஊருக்குக் கணக்குப் போட்டு, போன மாதம் எத்தனை எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

பழையாத்துக்கரை:
ரொம்ப உபகாரம். தொட்டியில பிளீச்சிங் பவுடர் கைக்கு வந்த மாதிரி போடுதாங்க. சரியான அளவு உண்டா? மஞ்சக் கலர் வர்ற சொட்டு மருந்து ஒண்ணு வச்சிருக்காங்க, அது போதுமா?

நீர்ச்சோதனை:
அந்த மஞ்சள் சொட்டு ஆர்த்தோடோலிடின். அது எஞ்சிய குளோரினில் தனிக் குளோரினையும், வேறு பொருளோடு சேர்ந்து வலு குறைந்த சேர்மக் குளோரினையும் பிரித்துக் காட்டாது, புற்றுநோய் அபாயமும் உண்டு. டி.பி.டி. வாங்கச் சொல்லுங்கள்.

அளவு: 1 லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமானால் 200 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் இருந்தால் 800 கிராம். புதுப் பவுடர் 33 சதவீதம் வரை இருக்கும், வாய் திறந்து ஈரத்தில் கிடந்த மூட்டை 15க்கும் இறங்கும். அப்போது அதே தொட்டிக்கு 1.3 கிலோ தேவை. மூட்டை திறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். சுண்ணாம்பு வண்டலோடு கொட்டினால் தொட்டியடியில் சேறு சேரும்.

மறுகால்:
ஓடைக் கணக்கை நான் சொல்லுதேன். ஓடைக்கு வந்து சேரும் நிலத்தை முதல்ல அளங்க. ஹெக்டேர் × மழை வேகம் மணிக்கு மில்லிமீட்டர் × ஓட்டக் கெழு (பெய்த மழையில ஓடி வர்ற பங்கு) ÷ 360 = நொடிக்குக் கன மீட்டர். காங்கிரீட்டும் ரோடுமா உள்ள 5 ஹெக்டேர், கெழு 0.7, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை: 0.58 கன மீட்டர்.

உங்க ஓடை 0.9 மீட்டர் அகலம், 0.6 ஆழம், வாட்டம் (சரிவு) 300க்கு 1 இருந்தா, சுத்தமா இருக்குறப்ப 0.84 போகும். தாராளம். பாதி ஆழம் மண் அடைஞ்சா 0.33தான். பாதிக்குப் பாதி குறையும்னு நினைப்போம், அப்படியில்ல. உரசுற பரப்பு அந்த அளவுக்குக் குறையாம ஓடுற பரப்பு மட்டும் பாதியா சுருங்குறதால ஐந்துல மூணு பங்கு போயிடும். 0.58 வரப் போற இடத்துல 0.33க்குத்தான் வழி. ரோட்டுல ஏறாம என்ன செய்யும். குறுக்கே போற குடிநீர்க் குழாய்ல பிளாஸ்டிக் மாட்டி நின்னா இதுவும் கிடையாது.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை. சென்னைக்குச் செய்யுற மாதிரி செப்டம்பர்ல வாரினா ஜூன் மழைக்கு எதுவும் ஆகாது. மே மாதம் ஒருக்க, அக்டோபருக்கு முன்னால ஒருக்க. வாரின மண்ணை ஓடை விளிம்புலேயே குவிச்சு வச்சா அடுத்த மழையில அதே மண் உள்ளே விழும். ரெண்டு நாளைக்குள்ள அள்ளிட்டுப் போகணும்னு பணி உத்தரவுலயே இருக்கணும்.

அடுத்தது கடைமுகம். உங்க ஓடை சானல்ல (பாசனக் கால்வாய்) விழுதா, குளத்துல விழுதா, பழையாத்துல விழுதா? பேச்சிப்பாறை, பெருஞ்சாணி தண்ணி வழக்கமா ஜூன்ல திறந்து பிப்ரவரி வரை ஓடும். அதாவது ரெண்டு மழைக்கும் சானல் நிறைஞ்சே இருக்கும். ஓடை வாயை விட சானல் மட்டம் உசந்தா எவ்வளவு வாரினாலும் தண்ணி எதிர்த்து நிக்கும். மழை நாள்ல ரெண்டு மட்டத்தையும் ஒரே நேரத்துல போட்டோ எடுத்து வையுங்க. சானல் நீர்வளத்துறைக்கு, பெரிய ரோட்டு ஓடை நெடுஞ்சாலைத்துறைக்கு, தெரு ஓடை நகராட்சிக்கு. எது யாருக்குன்னு தெரியாமப் போனா மூணு பேரும் மத்த ரெண்டு பேரைக் கைகாட்டுவாங்க. மழை எச்சரிக்கை வந்ததும் சானல் ஷட்டரை இறக்கச் சொல்லி எழுத வேண்டியது நீர்வளத்துறைக்கு.

பத்துரூவா ஸ்டாம்பு:
ஆவணம் பத்தி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)ல் நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. 'ஏன் தூர் வாரவில்லை'ன்னு கேக்காதீங்க. காரணம் கேட்டா தகவல் இல்லைன்னு முடிச்சிருவாங்க. கையில உள்ள பதிவேட்டோட நகலைக் கேளுங்க: கடந்த 12 மாத ஆய்வக அறிக்கைகள், மாதிரி எடுத்த இடத்தோட, இன்ன தொட்டியின் தினசரி குளோரின் பதிவேடு, தொட்டி கழுவிய பதிவேடு, தூர் வாரிய மதிப்பீடு, எம்-புக் (வேலை அளவுப் புத்தகம்) பக்கங்கள், மண் கொட்டிய இடம்.

எம்-புக்தான் உயிர்நாடி. 400 மீட்டர் நீளம், 0.9 அகலம், 0.3 ஆழம்னு எழுதியிருந்தா 108 கன மீட்டர் மண். டிப்பர் ஒண்ணுக்கு நாலஞ்சு கன மீட்டர்னா இருபது லோடுக்கு மேல. வண்டி ட்ரிப் சீட்டு எத்தனை இருக்கு, எங்க கொட்டினாங்க? அளவு உண்மையா பொய்யான்னு தெரிய அதுவே போதும்.

பலருக்குத் தெரியாதது அதே சட்டத்தோட பிரிவு 2(j)ல உள்ள 'தகவல் உரிமை' வரையறை: வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதுலயே உரிமை உண்டு. வேலை நடக்குற தேதியிலேயே பார்வையிட அனுமதி கேட்டு எழுதலாம். 30 நாள்ல பதில் இல்லைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள 19(1)ல் முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

ஆனா ஈ.கோலை வந்த அறிக்கை கையில இருந்தா 30 நாள் காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஆணையாளருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் எழுத்துல கொடுத்துத் தேதி முத்திரையோட நகல் வாங்குங்க. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் ஒரு மனு. அதுவரை அந்தத் தெருவுல முதல் கால் மணி நேரத் தண்ணியைப் பிடிக்காம விடச் சொல்லுங்க, பிடிச்சதைக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. தீர்மானமா எழுதுறப்ப 'ஓடையைக் கடக்கும் இணைப்புகள் எத்தனை, அவற்றை எந்தத் தேதிக்குள் மேலே தூக்குவது'ன்னு எண்ணோட எழுதுங்க. எண்ணிக்கையை, வால்வுத் தொட்டிக்கு வால்வுசாவி அண்ணன் சொன்ன மாதிரி, நீங்களே தெருவுல நடந்து எடுத்துட்டுப் போங்க.