கவிழ்த்து வைத்த போன் அணைத்த போன் ஆகாது: மேல்மாடிக்கு மறுப்பு

கறார்பேர்வழி (இரவு 8:12)

நம் இணைய மன்றத்தின் 'மன அழுத்தம் குறைய' திரியில் உறுப்பினர் மேல்மாடி நேற்று அருளியது இது: "போனை சைலன்ட்ல போட்டு மேஜையில கவிழ்த்து வைங்க. இருபது நிமிஷம் மூச்சைக் கவனிங்க. அதான் அன்பிளக். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்." இதற்கு 46 விருப்பம் வேறு. படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

கவிழ்த்து வைத்த போன் அணைத்த போன் ஆகாது. 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் கிட்டத்தட்ட 800 பேரை வைத்து இதையே சோதித்தார்கள். சிலருக்குப் போன் மேஜையில் கவிழ்ந்து இருந்தது, சிலருக்குப் பையில் அல்லது பாக்கெட்டில், சிலருக்கு வேறு அறையில். எல்லாமே சைலன்ட். வேறு அறையில் வைத்தவர்கள் மேஜையில் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். தொடாமல் இருப்பதற்கே மனசில் ஒரு பங்கு செலவாகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். இவர் குரங்கையே மேஜையில் உட்கார வைத்துவிட்டு மூச்சைக் கவனிக்கிறார்.

மேல்மாடி (இரவு 8:40)

எனக்குன்னு தனித் திரியே திறந்ததுக்கு நன்றி சார். மூணு வருஷமா தினமும் உட்காருறேன். போன் பக்கத்துலதான், கவிழ்ந்துதான். ஒரு நாளும் கை போனதில்ல. கோபம் நல்லாவே குறைஞ்சிருக்கு. இல்லேன்னா இந்தப் பதில் வேற மாதிரி வந்திருக்கும்.

அந்த ஆய்வுல என்னத்தை அளந்தாங்கன்னும் சொல்லியிருக்கலாமே? கணக்குப் போட்டுக்கிட்டே எழுத்துகளை ஞாபகம் வெச்சுக்கிறது, வடிவப் புதிர்ல விட்ட கட்டத்தை நிரப்புறது. மன அமைதியை அளக்கவே இல்ல. நான் கண்ணை மூடி உட்கார்ந்து வடிவப் புதிர் போடுறதில்ல.

கறார்பேர்வழி (இரவு 8:47)

"ஒரு நாளும் கை போனதில்ல." போனதா இல்லையா என்று மூன்று வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுதானே இதற்கு அர்த்தம்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். போனைக் கவிழ்த்துவிட்டால் உலகம் அணைந்துவிடுமாம். வேறு அறை. அவ்வளவுதான் நான் கேட்பது.

அலைமேல் (இரவு 8:55)

வணக்கம், நான் புதுசு. படுத்ததும் வேலை நினைப்பே ஓடுது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. உடனே செய்யற மாதிரி ஏதாவது எளிமையா இருந்தா சொல்லுங்களேன்.

ஒத்தரூம் (இரவு 9:03)

வேற ரூம் வேற ரூம்னு சொல்றீங்களே அண்ணே, அதுக்கு முதல்ல வேற ரூம் வேணுமே. நானும் இன்னும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கோம். எங்க வைக்கிறது, பாத்ரூம்லயா?

கறார்பேர்வழி (இரவு 9:06)

பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

ஒத்தரூம் (இரவு 9:08)

பெட்டியும் அதே ரூம்லதான் இருக்கு. உங்க ஆய்வுப்படி பைக்குள்ள வெச்சாலே வேலைக்கு ஆகாதே?

கறார்பேர்வழி (இரவு 9:15)

பை வேறு, பூட்டிய பெட்டி வேறு. விதண்டாவாதம் வேண்டாம் தம்பி. அந்த முடிவுகளில் பை நடுவில் நின்றது. மேஜைக்குக் கொஞ்சம் மேல், வேறு அறைக்குக் கொஞ்சம் கீழ். மேஜைதான் கடைசி, மேல்மாடி பரிந்துரைத்த அதே மேஜை. இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

இரவுப்பணி (இரவு 9:31)

நான் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள். கூப்பிட்டால் ஓட வேண்டும். வீட்டிலும் வயசானவர்கள். போனைக் கண்காணாத இடத்தில் வைத்தால்தான் எனக்குப் பதற்றமே கூடும். 2019-ல் வந்த ஒரு ஆய்வில் அறிவிப்புகளை நாளுக்கு மூன்று முறை மொத்தமாகப் பெற்றவர்களுக்கு நிம்மதி கூடியிருந்தது. அறிவிப்பே வராமல் அடைத்துவிட்டவர்களுக்குக் கவலையும் எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் அதிகமாயிற்று. மனுஷருக்கு மனுஷர் வேறுபடும் சார்.

கறார்பேர்வழி (இரவு 9:38)

அம்மா, உங்கள் தொழிலை மதிக்கிறேன். ஆனால் அது அறிவிப்பு பற்றிய ஆய்வு. நான் பேசுவது போன் கிடக்கும் இடம் பற்றி. திரியின் தலைப்பைப் படிக்கவும்.

மேல்மாடி (இரவு 9:44)

ஓ, நீங்க கொண்டுவந்த ஆய்வு புதிர் போடுறதைப் பத்தினது, அது மட்டும் அமைதிக்குப் பொருந்தும். அவங்க கொண்டுவந்தது நிம்மதியைப் பத்தியே பேசுது, அது மட்டும் பொருந்தாதா? பேஷ்.

2015-ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 124 பேரை ஒரு வாரம் மின்னஞ்சலை நாளுக்கு மூணு தடவை மட்டும் பார்க்கச் சொன்னாங்க. அந்த வாரம் மன அழுத்தம் குறைஞ்சது. போனை எந்த ரூம்ல வெச்சேன்னு யாரும் கேட்கல. அதோட, உங்க 2017 சோதனையை வேற குழுக்கள் திரும்பச் செஞ்சப்போ எல்லா தடவையும் அதே முடிவு வரல. அதையும் அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

தமிழ்த்தேனீ (இரவு 9:52)

அன்பிளக், மைண்ட்ஃபுல்னஸ், சைலன்ட். தமிழில் பேசினால் மன அமைதி கிடைக்காதா? 'முழுக்கவனம்' என்று அழகாக எழுதலாமே.

பழையபாதை (இரவு 10:01)

முழுக்கவனம்னா ஏதோ வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. மூலச்சொல் பாலி மொழியில 'சதி'. அதுக்கு 'நினைவு'ன்னு அர்த்தம். 1881-ல பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ்தான் அதை மைண்ட்ஃபுல்னஸ்னு மொழிபெயர்த்தார். 1979-ல கபட்-ஜின்ங்கறவர் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில அதை ஒரு வகுப்பா ஆக்கின பிறகு அந்தச் சொல் உலகம் முழுக்கப் போயிடுச்சு.

தமிழ்த்தேனீ (இரவு 10:05)

'சதி' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். "தினமும் காலையில் இருபது நிமிடம் சதி செய்கிறேன்" என்றால் போலீஸ் வரும்.

பழையபாதை (இரவு 10:09)

போன மாசம் 'தியானம்'ங்கற சொல்லுக்கும் இப்படித்தான் மூணு பக்கம் இழுத்தீங்க. மறக்கல.

தமிழ்த்தேனீ (இரவு 10:11)

நானும் மறக்கவில்லை. அங்கே கடைசியில் பதில் சொல்லாமல் போனது யார் என்பதையும் சேர்த்துத்தான்.

கறார்பேர்வழி (இரவு 10:20)

சொல்லாராய்ச்சியை வேறு திரியில் வைத்துக்கொள்ளுங்கள். பழையபாதை, நீங்கள் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனவர்தானே? கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் அந்த முகாமில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம், பேனாகூடக் கூடாது. மேஜையில் கவிழ்த்து வைக்க விட்டார்களா? விடவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது மேல்மாடிக்குத் தெரியவில்லை.

பழையபாதை (இரவு 10:34)

போனேன், கொடுத்தேன், உண்மைதான். ஆனா என்னைச் சாட்சிக்கு இழுக்காதீங்க. முதல் மூணு நாள் மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னாங்க. அந்த மூணு நாளும் காலி பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இல்லாத போன் அதிர்ற மாதிரி தொடை துடிக்கும். போன் ஆபீஸ் அலமாரியில பூட்டிக் கிடந்துச்சு, என் மனசும் அங்கேயேதான் கிடந்துச்சு. நாலாம் நாள் கொஞ்சம் அடங்குச்சு. அடக்கினது அலமாரி இல்ல, நாள்கணக்கா உட்கார்ந்தது.

மேல்மாடி (இரவு 10:37)

கேட்டுக்கோங்க சார். உங்க சாட்சியே பிறழ்ந்துட்டார்.

கறார்பேர்வழி (இரவு 10:52)

பிறழவில்லை. அலமாரியில் இருந்ததால்தான் நாலாம் நாளாவது அடங்கிற்று. மேஜையில் இருந்திருந்தால் பத்தாம் நாளும் அடங்கியிருக்காது. சரி, மேல்மாடியிடம் ஒரே கேள்வி. எடுக்கவே மாட்டேன் என்றால் பக்கத்தில் எதற்கு?

மேல்மாடி (இரவு 10:58)

நேரம் பார்க்க. இருபது நிமிஷம் ஆனதும் மணி அடிக்கும்.

கறார்பேர்வழி (இரவு 10:59)

ஆக போன் அணைந்திருக்கவில்லை!! ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

மேல்மாடி (இரவு 11:04)

அணைச்சேன்னு நான் எப்போ சொன்னேன்? கவிழ்த்தேன்னுதான் சொன்னேன். 'அணைத்த'ங்கறது உங்க தலைப்புல நீங்களே போட்டுக்கிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

கறார்பேர்வழி (இரவு 11:10)

நீங்கள் போட்டது 'அன்பிளக்'. அதற்கு அர்த்தம் இணைப்பைப் பிடுங்குவதா, கவிழ்ப்பதா? தமிழ்த்தேனீ, இப்போது வந்து சொல்லுங்கள்.

தமிழ்த்தேனீ (இரவு 11:13)

சொல்லாராய்ச்சியை வேறு திரியில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே.

இரவுப்பணி (இரவு 11:41)

அலைமேல், உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. மூக்கால் ஒரு மூச்சு இழுங்கள், விடாமல் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுங்கள், பிறகு வாயால் மெதுவாக, நீளமாக விடுங்கள். ஐந்து நிமிடம். 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மாதம் தினமும் இப்படிச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். வெறுமனே மூச்சைக் கவனித்தவர்களைவிட இவர்கள் மனநிலை கூடுதலாகத் தேறியிருந்தது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். படபடப்பு அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கறார்பேர்வழி (இரவு 11:46)

அருமை. செய்யும்போது போன் எங்கே இருந்தது என்று அந்த ஆய்வில் போட்டிருக்கிறதா?

ஒத்தரூம் (அதிகாலை 1:52)

மணி ரெண்டு ஆகப் போகுது. அண்ணே பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு இன்னும் எரியுது. உங்க போன் இப்ப எந்த ரூம்ல?

கறார்பேர்வழி (அதிகாலை 1:55)

நான் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். போன் வேறு அறையில்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள், எனக்குக் கேட்காது.

மேல்மாடி (காலை 6:20)

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து அமைதிக்கு வழி சொல்லியிருக்கார். நான் இப்பதான் உட்கார்ந்து எழுந்தேன். போன் கவிழ்ந்துதான் இருந்துச்சு.

கறார்பேர்வழி (காலை 6:21)

எழுந்ததும் முதல் வேலையாக இந்தத் திரியைத் திறந்தீர்களே, எந்தப் போனில்? மேஜையில் இருந்ததில்தானே?

மேல்மாடி (காலை 6:22)

நீங்க ஒரு நிமிஷத்துல பதில் போட்டீங்களே, அது?

கறார்பேர்வழி (காலை 6:22)

கம்ப்யூட்டர்.