சிபியு 38 சதவீதம்தான் ஓடுது, அப்புறம் எப்படி அது பாட்டில்நெக்?

கரூர்_கன்னர்:
நேற்று ஒரு யூடியூப் வீடியோ பார்த்து எரிச்சல் தாங்கவில்லை. "ரைசன் 5 5600ஜி சிபியுவோடு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் பாதிக் கார்டைத் தூக்கிக் குப்பையில் போட்டவர்கள்" என்று ஒருத்தர் அடித்துச் சொல்கிறார். ஆதாரம்? எந்தப் பாகம் எதை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்கிற ஏதோ பாட்டில்நெக் கால்குலேட்டர் தளத்தில் இரண்டு பெயரையும் தட்டினாராம், ஒரு சதவீதம் வந்ததாம். அதே ஜோடியைத்தான் நானும் வைத்திருக்கிறேன். ஃபிளைட் சிமுலேட்டரில் நியூயார்க் மேலே தாழப் பறந்துகொண்டே டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். சிபியு 38 சதவீதம். மீதி 62 சதவீதம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற சிபியு எப்படிக் கார்டைத் தடுக்கும்? பாட்டில்நெக் என்பதே அடுத்த சிபியுவை நம் தலையில் கட்டுவதற்காகக் கிளப்பிவிட்ட கதை. மறுப்பவர்கள் 38-க்குப் பதில் சொல்லிவிட்டு மறுக்கவும்.

பழைய_மதர்போர்டு:
கால்குலேட்டர் குப்பைதான், அதில் சண்டை இல்லை. என்ன கேம், என்ன ரெசல்யூஷன் என்று கேட்காமலே சதவீதம் சொல்கிற தளத்தை நம்புகிறவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் 38 அதைவிடப் பெரிய குப்பை. அதே நேரத்தில் ஜிபியு, அதாவது உங்கள் கார்டு, எவ்வளவு ஓடியது? அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே.

கரூர்_கன்னர்:
60 பக்கம். அதற்கென்ன? நான் கேட்டது 38.

புதுசு_2025:
வணக்கம் அண்ணன்களே. பாட்டில்நெக் என்றால் சரியாக என்ன? நானும் 4060 வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய_மதர்போர்டு:
அதற்கென்னவா? கார்டில் 40 சதவீதம் வேலை இல்லாமல் நிற்கிறது, அதற்கென்ன என்று கேட்கிறீர்கள். சரி, 38-க்கே வருகிறேன். 5600ஜி-யில் 6 கோர், 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை வரிசை ஓடலாம். டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டுக்கும் சேர்த்த சராசரி. ஒரே ஒரு திரெட் முழு மூச்சில் ஓடினால் அது 8 சதவீதம் சொச்சம் என்றுதான் கணக்கில் வரும். தாலுகா ஆபீஸில் பன்னிரண்டு மேசை இருக்கும், கையெழுத்துப் போடுகிறவர் ஒருத்தர்தான் இருப்பார். பதினோரு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் உங்கள் பட்டா சீக்கிரம் வந்துவிடுமா? ஃபிளைட் சிமுலேட்டரில் அந்தக் கையெழுத்துக்காரர் மெயின் திரெட். அது ஒரு ஃப்ரேமுக்கான, அதாவது திரையில் வருகிற ஒரு படத்துக்கான, வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கார்டு வரைய முடியும்.

கரூர்_கன்னர்:
கேம் பற்றிக் கேட்டால் பட்டா பற்றிப் பேசுகிறார். 38 என்றால் 38. மைக்ரோசாஃப்ட் எழுதிய டாஸ்க் மேனேஜர் பொய் சொல்கிறது, நீங்கள் சொல்வது உண்மையா?

பழைய_மதர்போர்டு:
அந்த கேமும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதுதான். அதையே கேட்டுப் பாருங்கள். செட்டிங்கில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டுகிற பெட்டியைத் திறங்கள். எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

வட்டாட்சியர்_அலுவலகம்_இல்லை:
மன்னிக்கவும், நான் தாலுகா ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன். பதினோரு பேர் டீ குடிக்கிறோம் என்று எழுதியவர் ஒரு நாள் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். பட்டா மாறுதல் இப்போது ஆன்லைன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

பழைய_மதர்போர்டு:
ஆன்லைனில் போட்டாலும் கடைசியில் ஒருத்தர் ஒப்புதல் தர வேண்டுமா இல்லையா? என் கருத்துக்கு நீங்களே சாட்சி. நன்றி.

144_வீரன்:
ரெண்டு பேரும் தப்பு. பிரச்சினை சிபியுவும் இல்லை, கார்டும் இல்லை. "ஜி" தான் பிரச்சினை. 4060-க்கு பிசிஐஇ லேன், அதாவது கார்டுக்கும் சிபியுவுக்கும் நடுவே டேட்டா ஓடுகிற பாதை, எட்டுதான். 4.0 போர்டில் அது போதும். 5600ஜி-யில் 3.0 தான் வரும், அதாவது வேகம் பாதி, நொடிக்கு 8 ஜிபி அளவுதான். அங்கேதான் கார்டு செத்துப்போகிறது. 5600 வாங்கியிருந்தால் 4.0 வந்திருக்கும்.

பழைய_மதர்போர்டு:
தம்பி, 3.0 எட்டு லேன் கார்டைச் சாகடிக்காது, கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிந்து, சிஸ்டம் ரேமுக்கு ஓடத் தொடங்கும்போதுதான் அது கடிக்கும். செத்துப்போன கார்டு பார்க்க வேண்டுமானால் 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைப் பார். லேன் நாலு, மெமரி 4 ஜிபி. பழைய 3.0 போர்டில் போட்டவர்கள் அழுதார்கள். "ஜி" யில் உண்மையான குறை கேஷ், அதாவது சிபியுவுக்குள்ளேயே இருக்கிற வேகமான சின்ன மெமரி. 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 5600ஜி-யில் 16 தான். உள்ளேயே ஒரு வேகா கிராபிக்ஸ் வைத்திருக்கிறார்களே, அதோடு வருகிற சிப் அது. தனிக் கார்டு போட்ட பிறகு அந்த வேகாவுக்கு வேலையும் இல்லை. ஃபிளைட் சிமுலேட்டர் மாதிரி கேமுக்கு கேஷ்தான் எல்லாம். இதே ஏஎம்4 சாக்கெட்டில் 96 எம்பி கேஷோடு 5800எக்ஸ்3டி சிபியு வந்தபோது அந்த கேம் ஆடுகிறவர்கள்தான் முதல் வரிசையில் நின்றார்கள்.

144_வீரன்:
தம்பி என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். பிசிஐஇ பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய_மதர்போர்டு:
மறுத்துத்தான் பத்து வரி எழுதியிருக்கிறேன் தம்பி.

புதுசு_2025:
அண்ணா, அந்த பாட்டில்நெக் என்றால் என்ன என்று யாராவது…

கரூர்_கன்னர்:
பார்த்துவிட்டேன். டெவலப்பர் மோடில் "லிமிடெட் பை மெயின் திரெட்" என்று வருகிறது. அதில் சிபியு என்று எங்கேயும் எழுதவில்லை. சொன்னேனே!

பழைய_மதர்போர்டு:
மெயின் திரெட் பின்னே எங்கே ஓடுகிறது, மானிட்டரிலா?

கரூர்_கன்னர்:
கேம் எழுதியவர்கள் ஒரே திரெட்டில் எல்லாவற்றையும் கட்டி வைத்தால் அது கேமின் குற்றம். சிபியுவின் குற்றம் எப்படி? சிபியு 38-இல் தயாராகத்தான் நிற்கிறது.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
ஃபிரேம் ஜெனரேஷனை ஆன் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். 4060-க்கு அது இருக்கிறது, அந்த கேமிலும் இருக்கிறது. நடுவில் ஒரு ஃப்ரேமைக் கார்டே செய்துகொள்ளும், சிபியுவைக் கேட்கவே கேட்காது.

144_வீரன்:
போலி ஃப்ரேமை எல்லாம் எஃப்பிஎஸ் கணக்கில் சேர்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
விமானம் ஓட்டுகிறவருக்குப் போலி ஃப்ரேம் போதும். நீங்கள் வேலரண்டில் தலையைக் குறிபார்க்கிறவர், உங்களுக்கு வேண்டாம். ஆளுக்கு ஆள் வேறு. இதற்கெல்லாம் கோபப்படுவதா?

ஓடிசி_விசிறி:
ரொம்ப சிம்பிள். ரெசல்யூஷனை 1080-இலிருந்து 4கே-வுக்கு ஏற்றுங்கள், பாட்டில்நெக் போய்விடும். நான் செய்தேன். ஜிபியு 99 காட்டுகிறது. பிரச்சினை முடிந்தது.

பழைய_மதர்போர்டு:
ஜிபியு 99 காட்டியது. எஃப்பிஎஸ் ஏறியதா? ஒன்றுகூட ஏறியிருக்காது, இறங்கியிருக்கும். ரெசல்யூஷன் ஏற்றினால் கார்டுக்கு வேலை கூடும், சிபியுவின் வேலை அப்படியேதான் இருக்கும். சும்மா நின்றவனுக்கு மூட்டை ஏற்றிவிட்டு "பார், இவனும் வேலை செய்கிறான்" என்று சந்தோஷப்படுகிறீர்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற டிஎல்எஸ்எஸ் இதற்கு நேர் எதிர். கார்டின் சுமையை இறக்கும், எஃப்பிஎஸ் ஏறும் என்று எதிர்பார்ப்பீர்கள், சிபியு ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தால் அசையாது. அப்புறம் "டிஎல்எஸ்எஸ் என் சிஸ்டத்தில் வேலை செய்யவில்லை" என்று ஒரு புதுத் திரி ஆரம்பிப்பீர்கள். ஒளி போகிற பாதையைக் கணக்கிட்டு வரைகிற ரே டிரேசிங் கார்டுக்கு மட்டும்தான் சுமை என்று நினைக்கிறவர்களும் இங்கே உண்டு. அது சிபியுவையும் சேர்த்துத்தான் பிழியும். இதையெல்லாம் பல தடவை எழுதியாகிவிட்டது. படிக்க ஆள் இல்லை.

ஓடிசி_விசிறி:
படம் தெளிவாக இருக்கிறது, எனக்கு அது போதும். எஃப்பிஎஸ் எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

கரூர்_கன்னர்:
பாருங்கள், 4கே-வில் 99 வருகிறது என்று இவரே சொல்கிறார். அப்போ 5600ஜி-யால் 4060-ஐ முழுசாக ஓட்ட முடிகிறது. அந்த வீடியோக்காரர் பொய் சொன்னார் என்று நிரூபணம் ஆகிவிட்டது.

பழைய_மதர்போர்டு:
அவர் சிஸ்டத்தில் உங்கள் 5600ஜி இருக்கிறதா என்று கேட்டீர்களா?

ஓடிசி_விசிறி:
என்னிடம் இருப்பது 5800எக்ஸ்3டி. ஏன், அதனால் என்ன?

பழைய_மதர்போர்டு:
ஒன்றும் இல்லை. நல்லா இருங்கள்.

ரேம்ராணி:
இவ்வளவு நேரமாக யாரும் இதைக் கேட்கவில்லை. கரூர், உங்கள் சிஸ்டத்தில் ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா? டெரைன் எல்ஓடி, அதாவது தரை எவ்வளவு தூரத்துக்கு நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்கிற செட்டிங், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கேமே ஓட்டுகிற மற்ற விமானங்கள், அந்த ஏஐ டிராஃபிக், ஆன் செய்திருக்கிறீர்களா? அந்த மூன்றும்தான் இந்த கேமில் மெயின் திரெட்டைத் தின்னும்.

கரூர்_கன்னர்:
ஒரே ஸ்டிக், 16 ஜிபி, 3200. கடைக்காரர் "பின்னாடி இன்னொன்று போட்டுக்கலாம்" என்றார். எல்ஓடி 200, டிராஃபிக் முழுசாக. ஏன் குறைக்க வேண்டும்? கார்டு வாங்கியது அல்ட்ராவில் ஆடத்தானே.

ரேம்ராணி:
அங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்டிக் என்றால் ஒரே சேனல், நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு எட்டு ஜிபி ஸ்டிக் போட்டிருந்தால் 51.2. கேஷ் ஏற்கெனவே பாதி. அதில் பிடிக்காத டேட்டாவுக்கெல்லாம் சிபியு ரேமுக்கு ஓட வேண்டும், அந்த ரோடும் பாதி அகலம். காத்திருக்கிற நேரத்தையும் டாஸ்க் மேனேஜர் வேலை என்றுதான் காட்டும், அது வேறு விஷயம். இன்னொரு ஸ்டிக் வாங்குங்கள், எல்ஓடி-யை 100-க்கு இறக்குங்கள், டிராஃபிக்கைக் குறையுங்கள். சிபியு மாற்றுவதை அப்புறம் யோசிக்கலாம்.

கரூர்_கன்னர்:
ஆக, குற்றம் ரேமில். சிபியுவில் இல்லை. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். நன்றி தம்பி.

ரேம்ராணி:
பெயரைப் படித்துவிட்டு நன்றி சொல்லுங்கள். அக்கா. நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

பழைய_மதர்போர்டு:
அக்கா சொன்னது சரி, ஆனால் பாதி. இரண்டாவது ஸ்டிக் போட்டாலும் சுவர் கொஞ்சம் தள்ளிப் போகும், இடிந்துவிடாது. மெமரி கன்ட்ரோலர் சிபியுவுக்குள் இருக்கிறது, கேஷ் சிபியுவுக்குள் இருக்கிறது, மெயின் திரெட் சிபியுவில் ஓடுகிறது. ஆனால் குற்றம் மட்டும் ரேமில். அருமையான தீர்ப்பு. இவருக்கு இன்டெல் ஆர்க் பி580 கார்டு கிடைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் விலைக்கு நல்ல கார்டு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்த மாதமே ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு யூடியூப் சேனல்காரர்கள் பழைய ரைசனோடு போட்டுப் பார்த்து, கார்டின் டிரைவர் மென்பொருளே சிபியுவைத் தின்கிறது என்று காட்டினார்கள். ரைசன் 5 5600-இலேயே சில கேம்களில் அடி வாங்கியது. குறைந்த விலைக் கார்டு, அதை வாங்குகிறவரிடம் இருப்பது பழைய சிபியு, அந்தக் கார்டுக்கோ புது சிபியு வேண்டும். ஜோடி பார்க்காமல் கார்டை மட்டும் பார்த்து வாங்கினால் இதுதான் கதி. பென்டியம் 4 காலத்திலிருந்து அசெம்பிள் செய்கிறேன்…

144_வீரன்:
வந்துவிட்டது பென்டியம் 4. இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன்.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
பென்டியம் 4 காலத்திலிருந்து அசெம்பிள் செய்கிறவர்தானே போன தீபாவளிக்கு ஒரு பையனுக்கு "பிராண்ட் இல்லாத 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும்" என்று பவர் சப்ளை பற்றி இதே இடத்தில் சொன்னார்? அது அவன் போர்டையும் சேர்த்து எரித்ததை நாங்கள் மறக்கவில்லை.

பழைய_மதர்போர்டு:
"பிராண்ட் இல்லாத" என்று நான் சொல்லவே இல்லை. 450 வாட் போதும் என்றுதான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். 4060 குடிப்பது 115 வாட். 5600ஜி-க்கு 65 வாட் என்று போட்டிருக்கிறான், இன்னும் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள்.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
என்விடியாவே 4060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று போட்டிருக்கிறது. அவர்களுக்கும் கூட்டத் தெரியாதா?

பழைய_மதர்போர்டு:
மட்டமான எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்களையும் மனதில் வைத்துப் போட்ட எண் அது. உங்களை மாதிரி ஆட்களுக்கு.

வட்டாட்சியர்_அலுவலகம்_இல்லை:
எங்களைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

புதுசு_2025:
சரி விடுங்கள் அண்ணா. என்னிடம் ஐ5 4570 இருக்கிறது, நாலு கோர், நாலு திரெட். 4060 போடலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கரூர்_கன்னர்:
தாராளமாகப் போடு தம்பி. யார் என்ன சொன்னாலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார், புரியும்.

ரேம்ராணி:
போடாதே தம்பி. அதில் டாஸ்க் மேனேஜரே 100 காட்டும். கார்டுக்கு வைத்திருக்கிற காசில் முதலில் போர்டு, சிபியு, ரேம் மாற்று.

பழைய_மதர்போர்டு:
2013-இல் வந்த சிபியு அது. அதற்கு 4060 போடச் சொல்கிறார் கரூர். இதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அடுத்த தடவை தேவைப்படும்.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
தம்பி, இவர்களை விடு. கார்டு, சிபியு ரெண்டும் என்னிடம் இருக்கிறது, இன்பாக்ஸில் வா. கிரிப்டோ மைனிங்கில் தேய்ந்த கார்டு இல்லை, பில் இருக்கிறது.

பழைய_மதர்போர்டு:
பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போ.

செகண்டுஹேண்ட்_செல்வம்:
450 வாட் ஆள் பேசக் கூடாது.