புதுப்பிப்பு: பழைய ரயில் பெட்டி விளக்குகளுக்கு 32 வோல்ட் பல்புகள் கிடைத்தன

நாங்கள் மீட்டெடுத்து வரும் பழைய அமெரிக்கப் பயணிகள் பெட்டியின் கூரை விளக்குகளில் வீட்டு பல்பை மாட்டினால் இழை மங்கலாகச் சிவப்பதோடு நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. அக்காலப் பெட்டிகள் பலவற்றில், சக்கர அச்சால் சுழலும் ஜெனரேட்டரும் 16 ஈய அமில மின்கலங்களும் சேர்ந்து 32 வோல்ட் நேர்மின்னோட்டம் வழங்கின. திருகு அடியின் அளவு ஒன்றே என்பதால் அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட் பல்பும் அதில் பொருந்திவிடுகிறது, ஆனால் ஒளி தருவதில்லை.

படகுகளிலும், மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளிலும் இதே 32 வோல்ட் பயன்பட்டதால், ரயில் பல்பு என்று தேடுவதை விட்டுப் படகு விளக்கு விற்பவரிடம் கேட்டேன். 25 வாட் இழை பல்புகள் கிடைத்தன. பால் கண்ணாடிக்குள் அந்த மஞ்சள் ஒளியைப் பார்த்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

எல்இடி வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மின்கலங்கள் சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 37 வோல்ட்டைத் தாண்டக்கூடும் என்பதால், 12 முதல் 60 வோல்ட் வரை தாங்கும் நேர்மின்னோட்ட வகையையே தேர்ந்தெடுங்கள்.

வாசிப்பு விளக்குகளுக்கான இருமுனை பயனெட் (திருகுக்குப் பதில் அழுத்தித் திருப்பி மாட்டும்) பல்புகளை இன்னும் தேடி வருகிறேன்.