பழைய ஆட்டுக்கல்லும் பட்ட தென்னைமரமும்: பறவைகளுக்காக என்ன செய்யலாம்?

கேள்வி (காட்பாடி):
வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பட்டுப்போன தென்னையை வெட்டிப் போட்டிருக்கிறோம். அதனுடன் பயன்பாடற்ற ஆட்டுக்கல் ஒன்றும், மதிற்சுவரை இடித்தபோது கிடைத்த கருங்கற்களும் உள்ளன. காசு கொடுத்து எதையும் வாங்காமல், இவற்றைக் கொண்டே பறவைகள் வந்து தங்கும்படி ஏதேனும் அமைக்க விரும்புகிறேன். கொசுவும் கறையானும் பெருகும் என்று வீட்டார் அஞ்சுகின்றனர். எதிலிருந்து தொடங்குவது?

பதில் (குடியாத்தம்):
நம் பகுதியில் சித்திரை வெயில் நாற்பது பாகையைத் தாண்டுவதால், தீனியைவிடத் தண்ணீரே முதலில் தேவை. ஆட்டுக்கல்லின் குழியில் கூழாங்கற்களை நிரப்பி, நீரின் ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால் சிறு குருவிகளும் அச்சமின்றிக் குளிக்கும்.

பதில் (அணைக்கட்டு):
ஆழத்தைப் பற்றி நண்பர் கூறியது சரியே; கூழாங்கற்களைப் பற்றித்தான் எனக்கு உடன்பாடில்லை. டெங்குவைப் பரப்பும் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரப்பரப்பில் முட்டையிடுகிறது; அம்முட்டைகள் நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், நீரை மாற்றுவது மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். கற்களின் இடுக்கை யார் தினமும் தேய்ப்பார்கள்? குழியை மண்ணால் கெட்டித்து, அதன்மேல் சொரசொரப்பான, அகன்ற மண்தட்டை வைத்துவிடுங்கள். எடுத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பது எளிது. பூனை பதுங்கும் புதர் அருகில் இருக்கக் கூடாது.

தென்னந்தண்டைக் கிடத்தி வைக்காமல், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்படி, அடிப்பகுதியை மூன்றடியாவது புதைத்து நட்டுவிடுங்கள். பொன்முதுகு மரங்கொத்தி அதில் கூடு குடையும் என்று உறுதி கூற முடியாது. எறும்புகளைத் தேடியேனும் வரும். குடைந்துவிட்டாலோ, அது கைவிட்ட பொந்தை மைனா, கிளி, புள்ளி ஆந்தை என அடுத்தடுத்துப் பிறர் எடுத்துக்கொள்வார்கள். வார்னிஷ், பெயின்ட், கறையான் மருந்து எதையும் பூச வேண்டாம். கறையான் பறவைகளுக்கு இரைதானே. வீட்டுச் சுவரையும் மரச் சட்டங்களையும் விட்டுத் தள்ளி நட்டால் போதும்.

பதில் (ஆம்பூர்):
கருங்கற்களைச் சிமெண்ட் இல்லாமல், இடைவெளி விட்டு அடுக்குங்கள். பாறையும் கட்டாந்தரையும் கருஞ்சிட்டுக்குப் பிடித்த இடங்கள். கற்களின் இடுக்கில் அது கூடும் கட்டும். அருகே காய்ந்த முட்கிளைகளைக் குவித்தால் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புகுந்துகொள்ளும். சீமைக் கருவேலமே எளிதில் கிடைக்கும் என்றாலும், நெற்றுகளை உதறிவிட்டுக் கொண்டுவாருங்கள்; இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் தோட்டமே காடாகிவிடும். பாம்பும் இத்தகைய குவியலை விரும்பும் என்பதால், நடைபாதைக்கும் கிணற்றடிக்கும் அருகில் வேண்டாம்.

கேட்டவர் (காட்பாடி):
மிக்க நன்றி. மண்தட்டை முதலில் வைத்துவிடுகிறேன். முருங்கையில் காய்ந்த கிளை ஒன்றும் இருக்கிறது, அதை வெட்டிவிடலாமா?

பதில் (அணைக்கட்டு):
கீழே நடமாட்டம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மென்மையான பட்ட கிளையில்தான் செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடையும்.